மைனஸ் ஸ்டாக்கைப் பூட்டலாமா?

ஈஆர்பி, அதாவது கொள்முதல், சரக்கு, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்க்கும் சாஃப்ட்வேர், போடும் எந்தக் கம்பெனியிலும் ஆரம்பத்திலேயே சாஃப்ட்வேர்க்காரர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். இருப்பில் இல்லாத பொருளுக்கு இஷ்யூ (எடுத்துக் கொடுத்ததாகப் பதிவு) போட்டு, இருப்பு மைனஸுக்குப் போனால் சிஸ்டம் விட வேண்டுமா, தடுக்க வேண்டுமா? மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற எல்லோரும் உடனே "தடுக்கணும்" என்பார்கள். இல்லாத பொருளை எப்படிக் கொடுக்க முடியும், பத்து கிலோ இருக்கிற இடத்தில் பன்னிரண்டு கிலோ எடுத்ததாக எழுதினால் தப்புக் கணக்குதானே? அரை நிமிடத்தில் முடிவு எடுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். இன்வாய்ஸில் லோகோ எந்தப் பக்கம் வர வேண்டும் என்று பேச அதைவிட அதிக நேரம் ஆகும். அந்த அரை நிமிடப் பதிலைப் பற்றித்தான் இங்கே எழுதப்போகிறேன். வளர்ந்துகொண்டிருக்கிற ஒரு தொழிலில் மைனஸ் ஸ்டாக்கை முழுசாகப் பூட்டுவது தவறு என்பது என் கருத்து. ஆடிட்டர் ஒத்துக்கொள்வதில்லை, சாஃப்ட்வேர்க்காரர்களும் பாதிப் பேர் ஒத்துக்கொள்வதில்லை. ஆனாலும் நான் இதில் உறுதியாக இருக்கிறேன்.

நான் திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்கையும் சிஸ்டத்தையும் பார்த்துக்கொள்கிறேன். மங்கலம் ரோட்டில் ஒரே ஷெட்டில், பெரிய எக்ஸ்போர்ட்டர்களுக்கு ஜாப்வொர்க்காக, கூலிக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த இடம். பிறகு நேரடியாக ஆர்டர் எடுக்க ஆரம்பித்து, கட்டிங்குக்குத் தனிக் கட்டடம், பேக்கிங்குக்குத் தனி இடம் என்று பெருகியது. ஒரே ஷெட்டாக இருந்தவரை டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் தாராளமாகப் போதுமானதாக இருந்தது. பில்லும் பேங்க்கும் டாலியில் இருக்கும், சரக்கு ஸ்டோர் அண்ணனின் நீளநோட்டில் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் அவருடைய ஞாபகம் இருக்கும். டாலியில் இருப்பு மைனஸுக்குப் போனால் ஒரு எச்சரிக்கை காட்டும், மீறிப் போட்டால் ஏற்றுக்கொள்ளும். யாருக்கும் அது ஒரு பிரச்சினையாகத் தோன்றியதே இல்லை. ஏன் மைனஸ் என்று கேட்டால் அண்ணன் நின்ற இடத்திலிருந்தே பதில் சொல்லிவிடுவார்.

ஷெட்டுகள் பெருகியதும் அந்தப் பதில் கிடைக்காமல் போனது. முதலாளி ஈஆர்பி போடலாம் என்று முடிவெடுத்ததற்கு முக்கியக் காரணமே அதுதான். ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ஒரு கணக்கு சொல்கிறார், கட்டிங் மாஸ்டர் ஒரு கணக்கு சொல்கிறார், சாயப்பட்டறைக்காரர் மூன்றாவதாக ஒன்று சொல்கிறார். எது உண்மை என்று ஒரே திரையில் தெரிய வேண்டும். நியாயமான ஆசை. அதனால்தான் அந்தக் கேள்வி வந்தபோது எல்லோரும் சேர்ந்து பூட்டச் சொன்னார்கள். சிஸ்டம் கண்டிப்பாக இருந்தால் ஆட்கள் ஒழுங்காக என்ட்ரி போடுவார்கள் என்பது நம்பிக்கை.

துணி ஓடுகிற வேகம்

திருப்பூர்த் தொழிலில் நம் சரக்கு நம் கூரைக்குக் கீழே இருக்கும் நேரம் ரொம்பக் குறைவு. மில்லிலிருந்து நூல் பெரும்பாலும் நேராக நிட்டிங்குக்கே போய்விடும். அங்கே சாயம் ஏறாத கிரே துணியாகி சாயப்பட்டறைக்கு, அங்கிருந்து துணி பின்னால் சுருங்காமல் இருக்கச் செய்யும் காம்பேக்டிங்குக்கு. அப்புறம்தான் ரோலாக நம் கட்டிங்குக்கு வரும். வெட்டிய பீஸ் கட்டுக்கட்டாக, கூலிக்குத் தைக்கும் பவர்டேபிளுக்குப் போகும். தைத்து வந்தபின் செக்கிங், அயர்னிங், பேக்கிங். கிலோவில் ஆரம்பித்த கணக்கு பீஸில் முடியும். வழியில் ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் எடை கழியும். சாயத்தில் எவ்வளவு கழியும் என்பது கலரைப் பொறுத்தது, துணியைப் பொறுத்தது, பட்டறையைப் பொறுத்தது. 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இங்கே சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது துணி சாயத்துக்காக வெளி மாநிலங்கள் வரைக்கும் போய் வந்தது. எந்த லாட் (ஒரே முறையில் சாயம் போடும் துணித் தொகுதி) எந்த ஊரில் நிற்கிறது என்று போன் போட்டுப் போட்டுத் தேடிய காலம் அது என்று பழைய ஆட்கள் இன்றைக்கும் சொல்வார்கள். இப்போது தூரம் குறைந்துவிட்டது, ஆனால் கைமாறும் இடங்கள் குறையவில்லை.

இந்த ஓட்டத்தில் என்ட்ரி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சாயப்பட்டறை டெம்போ ராத்திரி ஒன்பது மணிக்கு வரும். ரோலை இறக்கி வைத்துவிட்டு, டிசியில் (சரக்கோடு வரும் டெலிவரி சலான்) வாட்ச்மேனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு டிரைவர் கிளம்பிவிடுவார். ஜிஆர்என் (சரக்கு வரவுப் பதிவு) போடும் பையன் ஏழு மணிக்கே வீட்டுக்குப் போயிருப்பான். காலையில் எட்டரைக்கு கட்டிங் மாஸ்டர் துணியை விரித்துவிடுவார், ஏனென்றால் மத்தியானத்துக்குள் பவர்டேபிளுக்குக் கட்டு போக வேண்டும், இல்லையென்றால் அங்கே டெய்லர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். பீஸ் ரேட்டில் தைப்பவர்களுக்குச் சும்மா உட்கார்ந்தால் அன்றைய கூலி போச்சு. பையன் பத்து மணிக்கு வந்து டிசியைத் தேடுகிறான். டிசி வாட்ச்மேனின் டிராயரில் இருக்கிறது, வாட்ச்மேன் ஷிஃப்ட் முடிந்து போய்விட்டார். இதற்குள் துணி பாதி வெட்டப்பட்டுவிட்டது. சிஸ்டத்தைப் பொறுத்தவரை அந்தத் துணி இன்னும் வரவே இல்லை.

யாரும் ஏமாற்றவில்லை, யாரும் சோம்பேறித்தனமும் படவில்லை. இங்கே சரக்கு முதலில் வரும், பேப்பர் பின்னால் வரும், என்ட்ரி கடைசியாக வரும். கம்பெனி வளர வளர இந்த இடைவெளி பெரிதாகும், ஏனென்றால் சரக்கு பெருகும் வேகத்துக்கு என்ட்ரி போடும் ஆட்களை யாரும் சேர்ப்பதில்லை. ஆகவே மைனஸ் வருவது இயல்பு. இந்த இடத்தில் சிஸ்டம் "முடியாது" என்று சொன்னால் என்ன நடக்கும் என்பதை நாங்கள் பாலிபேக் விஷயத்தில் பார்த்தோம்.

ஆறாயிரம் பாலிபேக்

ஒரு ஷிப்மென்ட்டுக்குப் பேக்கிங் ஓடிக்கொண்டிருந்தது. சிஸ்டத்தில் அந்த சைஸ் பாலிபேக் ஆறாயிரத்துக்கு மேல் இருந்ததால் பர்ச்சேஸ் பார்க்கும் பெண் புதிதாக ஆர்டர் போடவில்லை. பேக்கிங்கிலிருந்து ஆள் வந்து கேட்டபோது ரேக்கில் சில நூறு பைதான் கிடந்தது. தூத்துக்குடிக்கு கன்டெய்னர் கிளம்ப வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கன்டெய்னரை ஒப்படைக்கும் கடைசி நேரமான கட்-ஆஃப் தவறினால் அடுத்த கப்பல், அதை பையர் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஏர் ஷிப்மென்ட், செலவு நம் தலையில். ஒரு ஆர்டரின் லாபம் முழுக்க அதிலேயே போய்விடும். எப்படியோ உள்ளூரில் அதிக விலைக்குப் பை வாங்கி அனுப்பினார்கள். அப்புறம் திருட்டா, எங்கே போனது ஆறாயிரம் பை என்று பேச்சு கிளம்பியது. ஸ்டோரில் வேலை பார்க்கும் இரண்டு பையன்களைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

நான் அந்த ஐட்டத்தின் ஸ்டாக் லெட்ஜரைத் திறந்து கீழிருந்து மேலே படித்துக்கொண்டே போனேன். இரண்டு மாதம் முன்னால் ஒரு நாள் ராத்திரி பதினொன்றரை மணிக்கு மேல் ஒரு ஸ்டாக் அட்ஜஸ்ட்மென்ட் (இருப்பு எண்ணை நேரடியாகத் திருத்தும் பதிவு): கூட்டல் 6,000. அடுத்த நாள் காலையில் அதே சைஸுக்கு ஒரு ஜிஆர்என்: 6,000. ஒரே சரக்கு இரண்டு முறை உள்ளே வந்திருக்கிறது. அட்ஜஸ்ட்மென்ட்டை மட்டும் தனியாக வடிகட்டிப் பார்த்தால் பக்கம் பக்கமாக வந்தது. கார்ட்டன், வாஷ்கேர் லேபிள், தையல் நூல், டேப். இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. ஒன்று, எல்லாமே ரவுண்டாக இருந்தன: 500, 1,000, 6,000. உண்மையிலேயே எண்ணிப் பார்த்து எழுதினால் 437 என்று வரும், 1,062 என்று வரும். இன்னொன்று, குறிப்பு எழுதும் கட்டம். அதை நிரப்பாமல் சேவ் ஆகாது என்று நாங்களே வைத்திருந்தோம். பாதி இடத்தில் "பிசிக்கல்படி", அதாவது எண்ணிப் பார்த்தபடி, என்று இருந்தது. மீதியில் வெறும் ஒரு புள்ளி.

ஸ்டோர் அண்ணனிடம் லெட்ஜரைக் காட்டினேன். அவர் மறைக்கவும் இல்லை, பதறவும் இல்லை. "தம்பி, கண்ணு முன்னால பை இருக்குதுங்க. சிஸ்டத்துல இல்லீங்குது. பேக்கிங்ல இஷ்யூ போடாம பேக்கிங் லிஸ்ட் வராதுங்கறாங்க. வண்டி கேட்டுல நிக்குது. நான் என்னங்க பண்றது?" அந்தப் பை அன்றைக்குச் சாயங்காலம்தான் வந்து இறங்கியிருக்கிறது. சப்ளையர் பில் கையில் வரவில்லை. பில் நம்பர் இல்லாமல் ஜிஆர்என் போட முடியாது, அதுவும் நாங்கள் வைத்த கட்டுப்பாடுதான். அவருக்குத் திறந்திருந்த ஒரே வழி அட்ஜஸ்ட்மென்ட். அதைப் போட்டார், வண்டி போனது. காலையில் பில் வந்ததும் பையன் தன் வேலையைச் சரியாகச் செய்து ஜிஆர்என் போட்டான். அவனுக்கு ராத்திரி நடந்தது தெரியாது.

அண்ணன் அப்புறம் சொன்னதுதான் என்னை ரொம்ப நாள் விடவில்லை. "நோட்டுல எழுதறப்ப, பில் வரல, பை வந்திருச்சுன்னு பக்கத்துல எழுதி வெச்சுருவனுங்க. மறுநாள் பாத்தா ஞாபகம் வரும். இதுல எங்கீங்க எழுதறது?" இந்த ஒரு கேள்விக்குப் பதில் இருந்திருந்தால் பாலிபேக் காணாமல் போயிருக்காது. மைனஸை விட்டிருந்தால் அன்றைக்கு ராத்திரி இருப்பு மைனஸ் என்று சிவப்பில் நின்றிருக்கும். காலையில் ஜிஆர்என் விழுந்ததும் அது தானாகவே சரியாகியிருக்கும். ஒரு ராத்திரி மட்டும் தப்பாக இருந்து, மறுநாள் காலை சரியாகியிருக்க வேண்டிய கணக்கு. பூட்டியதால் அந்த ராத்திரி பார்ப்பதற்குச் சரியாக இருந்தது, அதற்குப் பிறகு இரண்டு மாதம் தப்பாக இருந்தது. அதுவும் யார் கண்ணுக்கும் படாத தப்பு, ஏனென்றால் 6,000 என்ற எண்ணில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை.

சாஃப்ட்வேர்கள் என்ன நினைக்கின்றன

இதற்குப் பிறகுதான் மற்ற ஈஆர்பிகள் இந்த விஷயத்தை எப்படி வைத்திருக்கின்றன என்று பார்த்தேன். ஒரே மாதிரி இல்லை. எஸ்ஏபியில் மைனஸை அனுமதிக்க வேண்டுமென்றால் ஒரு டிக் போதாது. மதிப்பீட்டு அளவிலும் சேமிப்பிட அளவிலும் அனுமதி கொடுத்து, அந்தந்தப் பொருளின் அடிப்படை விவரம் இருக்கும் மாஸ்டரிலும் தனியாகக் குறிக்க வேண்டும். மும்பையில் பிறந்த ஈஆர்பிநெக்ஸ்ட்டில் ஸ்டாக் செட்டிங்ஸில் ஒரே ஒரு கட்டம், சும்மா விட்டால் பூட்டியே இருக்கும். பெல்ஜியத்துக்காரர்களின் ஓடூ நேர்எதிர். அது இயல்பாகவே மைனஸை ஏற்றுக்கொள்ளும், தடுக்க வேண்டுமென்றால் தனியாக ஒரு மாடியூல் சேர்க்க வேண்டும். இவ்வளவு பெரிய ஆட்களே ஒத்துப்போகாத ஒரு கேள்வியைத்தான் நாம் அரை நிமிடத்தில் தீர்க்கிறோம்.

பூட்டச் சொல்பவர்கள் காரணமில்லாமல் சொல்லவில்லை. மைனஸில் போகிற சரக்குக்கு விலை போடுவது உண்மையிலேயே தலைவலி. உதாரணத்துக்கு, நூல் 40 கிலோ இருக்கிறது, கிலோ 250 ரூபாய். 100 கிலோ இஷ்யூ போடுகிறீர்கள். மைனஸ் 60 கிலோ. அந்த 60 கிலோவுக்கு இன்னும் பில் வரவில்லை, சிஸ்டம் வேறு வழியில்லாமல் பழைய 250 ரூபாயையே வைத்து 15,000 ரூபாய் கழிக்கும். அப்புறம் 300 கிலோவுக்குப் பில் வருகிறது, கிலோ 262. மொத்தம் 78,600. இப்போது கையில் இருப்பது 240 கிலோ, அதன் மதிப்பு 62,880 ஆக இருக்க வேண்டும். ஆனால் 78,600-இல் 15,000 கழித்தால் 63,600 வருகிறது. 720 ரூபாய் இடிக்கிறது. ஏற்கெனவே செலவான அந்த 60 கிலோவின் அடக்கத்தில் கிலோவுக்குப் 12 ரூபாய் கூட்டினால்தான் சரியாகும். ஓடூ இந்த வித்தியாசத்தைப் பின்னால் தானே கணக்கெடுத்துத் தனி என்ட்ரியாகப் போடும். ஈஆர்பிநெக்ஸ்ட் அந்தத் தேதியிலிருந்து மதிப்பை மறுபடி ஓட்டும். எதையும் செய்யாத சாஃப்ட்வேரும் உண்டு, அங்கே அந்த 720 எங்கேயோ தொங்கிக்கொண்டு நிற்கும். ஆகவே மைனஸை விடப்போகிறவர்கள் சாஃப்ட்வேர்க்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: பில் வந்த பிறகு விலை வித்தியாசத்தை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்? திரையில் செய்து காட்டச் சொல்லுங்கள்.

சின்னதாகத் தெரிகிற ஒரு முடிவு எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு ஜெர்மனியின் லிடில் கடைகள் கதை ஈஆர்பி உலகில் பிரபலம். 2011-இல் எஸ்ஏபிக்கு மாற ஆரம்பித்தார்கள். ஏறக்குறைய 50 கோடி யூரோ செலவழித்த பிறகு 2018-இல் கைவிட்டார்கள். செய்திகளில் அடிபட்ட காரணங்களில் ஒன்று, லிடில் தன் சரக்கிருப்பைக் கொள்முதல் விலையில் கணக்கிடும், அந்த மென்பொருள் இயல்பாகச் சில்லறை விலையில் கணக்கிடும். லிடில் தன் வழியை மாற்றிக்கொள்ளவில்லை, மென்பொருளை வளைக்கப் போய் வேலை கூடிக்கொண்டே போனது. நம்ம ஊர் அளவுக்கு இது ரொம்பப் பெரிய கதைதான். ஆனால் சரக்கை எப்படிக் கணக்கிடுகிறோம் என்பதைச் சாஃப்ட்வேர் வாங்கிய பிறகு பேச ஆரம்பித்தால் கஷ்டம் என்பது திருப்பூர் அளவுக்கும் பொருந்தும்.

மைனஸ் லிஸ்ட்டைப் படிப்பது

பாலிபேக் விஷயத்துக்குப் பிறகு முதலாளியிடம் பேசி, பை, லேபிள், டேப் போன்ற அக்சஸரீஸுக்கும் நூலுக்கும் துணிக்கும் பூட்டைத் திறந்தோம். அட்ஜஸ்ட்மென்ட் போடும் உரிமையை ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டோம், எண்ணிப் பார்த்த தாளோடு வந்தால் நான் போடுவேன். சப்ளையர் பில் இல்லாமல் டிசி நம்பரை வைத்தே ஜிஆர்என் போடலாம் என்று மாற்றினோம். தினமும் காலையில் மைனஸ் லிஸ்ட் அச்செடுத்து ஸ்டோர், பர்ச்சேஸ், கட்டிங் மூன்று பேர் கையிலும் கொடுப்பது வழக்கமானது. முதலில் அது பார்க்கவே பயமாக இருந்தது. இவ்வளவு மைனஸா என்று முதலாளி முகம் மாறியது. "இதெல்லாம் முன்னாடியும் இருந்ததுங்கண்ணா, மறைஞ்சு இருந்தது" என்று சொல்ல வேண்டியிருந்தது.

அந்த லிஸ்ட் பேச ஆரம்பித்தது அப்புறம்தான். என்ட்ரி தாமதத்தால் வரும் மைனஸ் காலை பதினொரு மணிக்குள் தானே போய்விடும். போகாமல் நிற்பவைதான் விஷயம். நேவி ரிப் துணி ஒன்று தொடர்ந்து மைனஸில் நின்றது. தேடிப்போனால், மெர்ச்சண்டைசர் ஒருவர் "நேவி" என்று ஒரு கோடும் இன்னொருவர் "நேவி ப்ளூ" என்று இன்னொரு கோடும் திறந்து வைத்திருந்தார்கள். ஒன்றில் வரவு, இன்னொன்றில் செலவு. ஒன்று மைனஸ் என்றால் அதே அளவு இன்னொன்றில் உபரி. தையல் நூலில் வந்த மைனஸுக்கு வேறு கதை: கோன் கணக்கில் வாங்கியதை யாரோ பெட்டிக் கணக்கில் வரவு வைத்திருந்தார்கள். காலர் துணியில் மெதுவாக, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக மைனஸ் கூடியது. அது கட்டிங்குக்கு நாங்கள் பொருள் மாஸ்டரில் எழுதி வைத்திருந்த கன்சம்ப்ஷன் (ஒரு பீஸுக்கு ஆகும் துணி) தப்பு என்று காட்டிக்கொடுத்தது. அதாவது அந்த ஸ்டைலுக்குக் கொடுத்த விலையே தப்பு. பூட்டியிருந்த காலத்தில் இதெல்லாம் "பிசிக்கல்படி" என்ற ஒரு சொல்லுக்குள் போய் மறைந்திருந்தது.

சாயப்பட்டறைப் பக்கம் இது இன்னும் முக்கியம். ஜாப்வொர்க்குக்கு அனுப்பிய துணியை ஒரு வருஷத்துக்குள் திரும்பப் பெற வேண்டும், இல்லையென்றால் அனுப்பிய நாளிலேயே விற்றதாக எடுத்துக்கொள்ளும் என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 143-வது பிரிவு. ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஐடிசி-04 படிவத்தில் போனது, வந்தது எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும். 500 கிலோ போய் 470 கிலோ வந்தால், மிச்சம் 30 கிலோ பிராசஸ் லாஸ் என்று லாட்டை மூட வேண்டும். மூடாமல் விட்டால் சிஸ்டத்தில் அந்த 30 கிலோ பட்டறையிலேயே கிடக்கும், லாட்டுக்கு லாட் சேர்ந்து டன் கணக்கில் ஏறும். அங்கே போய் ஒரு ரவுண்டு எண்ணில் அட்ஜஸ்ட்மென்ட் போட்டால், அந்தப் பொய் நம் நான்கு சுவருக்குள் நிற்காது. அரசாங்கத்துக்கு நாம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் படிவத்துக்குள் போய்விடும்.

எல்லாவற்றையும் திறந்து போடச் சொல்லவில்லை. இரண்டு இடத்தில் பூட்டு இருந்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். ஏற்றுமதி இன்வாய்ஸ் ஒன்று. பேக் ஆகிச் செக்கிங் முடிந்த பீஸுக்கு மேல் ஒரு பீஸ் கூட இன்வாய்ஸில் ஏறக்கூடாது. கஸ்டம்ஸுக்குக் கொடுக்கும் ஷிப்பிங் பில் அதை வைத்துத்தான் போகிறது, இ-இன்வாய்ஸும் அதை வைத்துத்தான். வெளியே போய்விட்ட எண்ணைக் காலையில் வந்து சரிசெய்ய முடியாது. இன்னொன்று கலர் துணி லாட், அதைப் பின்னால் மறுபடி பூட்டினோம். ஒரே நேவிதான் என்றாலும் லாட்டுக்கு லாட் ஷேடு மாறும். ஒரு லாட்டில் இருப்பு முடிந்த பிறகும் அதே லாட் நம்பரில் இஷ்யூ விழுகிறது என்றால் இரண்டு லாட் கலக்கிறது என்று அர்த்தம். முன்பக்கம் ஒரு ஷேடு, கை ஒரு ஷேடு என்று பீஸ் வந்து நிற்கும். அங்கே கட்டிங் ஒரு மணி நேரம் நின்றாலும் பரவாயில்லை. சாயப்பட்டறை டெம்போ நேரம் கழித்து வரும் நாட்களில் கட்டிங் மாஸ்டருக்கு இதனால் கோபம்தான். அதற்காகவே துணி ரோலுக்கு மட்டும் ராத்திரியே என்ட்ரி விழ வேண்டும் என்று ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது.

ஆடிட்டரோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன். வருஷக் கடைசியில் ஒரு மைனஸும் இருக்கக்கூடாது என்கிறார், அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. மாதாமாதம் பேங்க்குக்குக் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டிலும் இருக்கக்கூடாது. ஆனால் தினசரி மைனஸே வரக்கூடாது என்று அவர் சொல்வதை ஏற்க முடியவில்லை. 2023 ஏப்ரல் முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் யார் எதை எப்போது மாற்றினார்கள் என்ற தடம் அழிக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தத் தடத்தில் அண்ணன் பெயரும் ராத்திரி பதினொன்றரை மணியும் பத்திரமாக இருந்தது. வண்டி கேட்டில் நின்றது மட்டும் அதில் இல்லை.

என்ட்ரி போடும் ஆள்

இதில் அதிகம் பேசப்படாத ஒருவர் பவர்டேபிள்காரர். பத்துப் பதினைந்து மெஷின் போட்டு, கூலிக்குத் தைத்துக் கொடுப்பவர். அவர் பீஸை இறக்கிவிட்டுப் போகிறார், நம் பக்கம் ரிசிப்ட் என்ட்ரி நாலு நாள் கழித்து விழுகிறது. பில் பாஸ் ஆவது அந்த என்ட்ரியை வைத்துத்தான். சிறு, குறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தராவிட்டால் அந்தச் செலவை அந்த வருஷ வருமானத்தில் கழிக்க முடியாது என்று வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) வந்தது 2023-24 நிதியாண்டிலிருந்து. நாள் எண்ண ஆரம்பிப்பது சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. நாம் என்ட்ரி போட்ட நாளிலிருந்து இல்லை. ஆகவே நம் தாமதம் அவர் பணத்தையும் தள்ளிப்போடுகிறது, நம் வரியையும் பாதிக்கிறது. அவருக்குச் சனிக்கிழமை டெய்லர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் வாசலில் நின்று, "டிசி இருக்குதுங்க, உங்க ஆளு வாங்கி வெச்சாருங்க, கம்ப்யூட்டர்ல ஏறலைன்னா நான் என்னங்க செய்வேன்" என்று அவர் கேட்டால் நமக்குப் பதில் கிடையாது.

இதற்கெல்லாம் தீர்வாக சாஃப்ட்வேர்க்காரர்கள் பார்கோடு மாடியூல், கேட் என்ட்ரி மாடியூல், மொபைல் ஆப் என்று வரிசையாக விலை சொன்னார்கள். நல்லவைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் மைனஸ் லிஸ்ட் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சுருங்கியது, சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து கடைசி டெம்போ வரைக்கும் இருந்து ஜிஆர்என் போட ஒரு பெண்ணை வேலைக்குச் சேர்த்த பிறகுதான். பி.காம். முடித்தவர், வீடு பக்கத்தில்தான். முதல் வாரத்திலேயே டிசியை வாட்ச்மேன் டிராயரில் வைக்க விடாமல் தன் மேஜையில் ஒரு கம்பி வைத்துக் குத்த ஆரம்பித்தார். இருட்டிய பிறகு தனியாகப் போக வேண்டாம் என்று கம்பெனி வண்டியில் வீடு வரை கொண்டுபோய் விடச் சொல்லிக் கேட்டு வாங்கினோம். என்ட்ரி போடும் வேலைக்குக் கம்பெனியிலேயே குறைந்த சம்பளம் என்பது இந்தத் தொழிலில் எழுதாத வழக்கம். கம்பெனியின் அத்தனை ரிப்போர்ட்டும் அவர் விரல் வழியாகத்தான் வருகிறது என்று தெரிந்தும் அதை மாற்ற யாரும் தயாராக இல்லை. எனக்கு இது சரியாகவே படவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

இப்போது காங்கயம் ரோட்டில் புது யூனிட் தயாராகிறது. அதற்கான சிஸ்டம் செட்டிங் தாள் மறுபடி மேஜைக்கு வந்திருக்கிறது. மைனஸ் ஸ்டாக் என்ற இடத்தில் ஆம் என்றோ இல்லை என்றோ டிக் அடிக்கவில்லை. ஐட்டம் குரூப் வாரியாக எங்கே விடுவது, எங்கே தடுப்பது என்று எழுதித் தனித்தாளாகச் சேர்த்திருக்கிறேன். அதோடு இரண்டு ஷிஃப்டுக்கும் என்ட்ரிக்கு ஆள் வேண்டும், சம்பளம் கட்டிங் சூப்பர்வைசருக்கு இணையாக இருக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். ஆளுக்கு முதலாளி சரி சொல்லிவிட்டார். சம்பளத்தைப் பற்றி அடுத்த வாரம் உட்கார்ந்து பேசலாம் என்றிருக்கிறார்.